நான்காவது ட்ரையல்

எங்கள் கழகத்தின் முழுப் பெயர் "நீடித்த தனித்தையல் கைவினைக்கான இளையோர் பயிற்சிக் கழகம்." இதை மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பவர்களுக்குத்தான் வரவேற்பறையில் வேலை கொடுத்தார்கள். லண்டனில் பெரிய மனிதர்கள் கோட்டு தைத்துக்கொள்ளும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி நான்கு மாடிக் கட்டடம். ஊழியர்கள் பதினாறு பேர், பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் ஒன்பது பேர். பதினாறு பேரில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மதிப்பீட்டாளர் ஆல்டர்டன். இருபது வருடம் கடையில் துணி வெட்டியவர், பதவி உயர்வு வந்த நாளிலிருந்து கத்தரியைத் தொட்டதில்லை. இன்னொருவன் நான். என் பெயர் ரெஜ். இஸ்திரி போடுவது என் வேலை. கழகத்தில் அதற்கு "நீராவி ஒருங்கிணைப்பாளர்" என்று பெயர்.

கெர்ரி டன்ஸ்டன் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. சேரும்போது வயது இருபத்துமூன்று. டெப்ட்ஃபர்டில் கல்யாண உடுப்புகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் கடையில் நான்கு வருடம் இருந்தவள். மணப்பெண் அழுதுகொண்டே நிற்க, பத்து நிமிடத்தில் ஜிப்பை மாற்றித் தைத்து அனுப்பிய கை. பெரிய தெருவில் ஒரு கடையில் அவள் தையலைப் பார்த்துவிட்டு, "கை நல்லா இருக்கு. கழகத்துச் சான்றிதழ் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஜூன் கடைசி வரைக்கும் இடம் வெச்சிருக்கேன்" என்றிருந்தார்கள். அதற்காக வந்தாள்.

முதல் பருவத்தில் கம்பளி கொடுத்த ஆட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கெர்ரி ஒரு பக்கம் எழுதினாள். ஆட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. அடுத்து "ஊசியும் அறமும்", பன்னிரண்டு வாரம். ஊசியைத் திரையில் காட்டினார்கள். நிஜ ஊசி காப்பீட்டுக்குள் வரவில்லையாம். அதற்கடுத்த பருவத்தில் ஆளுக்கொரு துண்டுத் துணியைக் கொடுத்து, கண்ணை மூடி அது சொல்வதைக் கேட்கச் சொன்னார்கள். கெர்ரி அரை மணி நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, "ஒண்ணும் சொல்லல மிஸ்" என்றாள். பக்கத்தில் இருந்தவன் துணி விம்மியதாக எழுதி முதல் மதிப்பெண் வாங்கினான்.

அன்று அவள் நேரே இயக்குநரிடம் போனாள். இயக்குநர் டாக்டர் பெரெக்ரின் ஸ்டோக்ஸ் உயரமானவர், நல்ல குரல். அவருடைய சொந்தக் கோட்டு ரெடிமேட். இது எனக்கு மட்டும்தான் தெரியும். இஸ்திரி போடுகிறவனிடம் எதை மறைக்க முடியும்?

"சார், நாம எப்ப தைப்போம்?"

"தைக்கிறதுங்கறது ஒரு விளைவும்மா. இங்க நாங்க விளைவுகள அவசரப்படுத்துறதில்ல."

"கடைல ஒரு நாளைக்கு ஆறு உருப்படி தைச்சேன் சார்."

"அதத்தான் மறக்கச் சொல்லிக் குடுக்கிறோம்" என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

ஆனாலும் இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு கோட்டு தைத்தே ஆக வேண்டியிருந்தது. அதற்கு "முப்பதாண்டுக் கோட்டு" என்று பெயர். நிஜமான ஒரு ஆளுக்கு, முப்பது வருடம் உழைக்கும்படி, முழுக்கக் கையால். கெர்ரிக்கு வந்த ஆள் லென் ஹாப்குட். வயது எழுபத்துநாலு. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டு, ஜூன் முதல் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குச் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தார். பெண் வினிஃப்ரெட். ஜமைக்காவில் பிறந்தவள், மருத்துவமனைச் சமையலறையில் நாற்பது வருடம் ஆண்டவள். நூலகத்தில், கோட்டுக்கு ஆள் தேவை என்ற கழகத்தின் விளம்பரத்தைப் பார்த்து லென்னைப் பிடித்துத் தள்ளி அனுப்பியதும் அவள்தான்.

"கம்பெனி குடுத்த கோட்டுல ரெண்டே சைஸ்தான் கண்ணு" என்று முதல் நாளே கெர்ரியிடம் சொன்னார் லென். "பெருசு, ரொம்பப் பெருசு. எனக்குன்னு அளவெடுத்து யாரும் ஒண்ணும் தைச்சதில்ல."

"கைய தொங்க விடுங்க லென். வயித்த உள்ள இழுக்காதீங்க."

"இழுக்கல. பயத்துல அதுவா போகுது."

அவருடைய வலது தோள் இடதைவிட அரை அங்குலம் கீழே. அத்தனை வருடம் ஜன்னலோரம் சாய்ந்து ஓட்டியதில் இறங்கியது. ரெடிமேட் எதைப் போட்டாலும் காலர் கழுத்தைவிட்டு எழும்பி நிற்கும். கெர்ரி ஐந்து மாதம் அந்த அரை அங்குலத்தோடு மல்லுக்கட்டினாள். முதல் ட்ரையலில் வெள்ளை நூலால் ஒப்புக்குத் தைத்த கோட்டைப் போட்டு, சாக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்தாள். இரண்டாவதில் தோளை முழுக்கப் பிரித்தாள். மூன்றாவது ட்ரையலில் லென் கண்ணாடி முன்னால் நின்றார். காலர் கழுத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டம். அவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு?" என்று கடைசியில் கேட்டார். "ஆள் நல்லாத்தான் இருக்கான்."

கல்யாண வாரத்துத் திங்கட்கிழமை கோட்டை வாங்கிப்போக வந்தார். நான் இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தேன். கோட்டுக்குப் பதிலாக அவரைக் கூட்ட அறைக்கு அழைத்துப்போனார்கள். கெர்ரி, ஆல்டர்டன், இயக்குநர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹேங்கரைப் பிடிப்பதற்கு நான்.

ஆல்டர்டன் படிவத்தைப் பார்த்து வாசித்தார். "அணிபவர் வயசு எழுபத்துநாலு. கோட்டோட ஆயுள் முப்பது. முடியறப்ப உங்களுக்கு நூத்திநாலு. அதுவரைக்கும் இருக்கிறதா ஒரு உறுதிமொழி வேணும்."

"நான் இருப்பேங்க. கோட்டு இருக்குமான்னு பாருங்க."

"இடுப்பளவு மாறாதுன்னும் கையெழுத்துப் போடணும்."

"என் இடுப்ப நான் பாத்துக்கறேன். வினி சமையல யாரு பாத்துக்கறது?"

"அதுக்குக் கட்டம் இல்ல" என்றார் ஆல்டர்டன். இரண்டிலும் லென் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கையை நீட்டினார், கோட்டுக்காக.

அப்போதுதான் இயக்குநர் எழுந்தார். நான்கு பேர் இருந்தாலும் நானூறு பேருக்குப் பேசுவது அவர் வழக்கம்.

"நண்பர்களே! பதினோரு ஆண்டுகளாக இக்கழகம் ஒரே ஒரு கேள்வியைத்தான் ஆராய்ந்து வந்திருக்கிறது. கோட்டுகள் ஏன் அழிகின்றன? விடை கிடைத்துவிட்டது. மனிதர்களால்! அணியப்பட்ட ஒவ்வொரு கோட்டும் ஒருநாள் நைந்துபோயிற்று. அணியப்படாத கோட்டு ஒன்றாவது முழங்கையில் கிழிந்ததாக நம் ஆவணங்களில் உண்டா? இல்லை. ஆகவே திரு. ஹாப்குட் அவர்களின் கோட்டு, கண்ணாடி அலமாரியில், சரியான வெப்பத்தில், முப்பது ஆண்டுகள் பாதுகாக்கப்படும். அதன்பின் பெருமையோடு அவரிடம் ஒப்படைக்கப்படும்."

மாடிப்படி ஓரத்து அலமாரியில் ஏற்கெனவே ஆறு கோட்டுகள் தொங்கின. எல்லாம் நான் இஸ்திரி போட்டவை. ஆட்கள் வந்து வாங்கிப்போகவில்லை போலிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றார் லென்.

"வாழ்த்துகள்" என்றார் இயக்குநர்.

கெர்ரி கேட்டாள். "சார், அப்ப என் சான்றிதழ்?"

"முப்பது வருஷம் உழைச்சதுக்கப்புறம்தானே முப்பதாண்டுக் கோட்டுன்னு சொல்ல முடியும்? அன்னிக்குக் குடுப்போம். அதுவரைக்கும் ஒரு நம்பிக்கைக் கடிதம் தர்றோம்."

"எனக்கு அம்பத்தஞ்சு வயசாயிரும் சார்! கடைல ஜூன் கடைசிக்குள்ள கேட்டிருக்காங்க. இதுவரைக்கும் யாருக்காவது சான்றிதழ் குடுத்திருக்கீங்களா?"

இயக்குநர் மனம் புண்பட்டவராகத் தெரிந்தார். "ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அதனாலதானேம்மா அதுக்கு அவ்வளவு மதிப்பு!"

லென் எழுந்து, தன் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வலது பக்கம் காலர் எழும்பி நின்றது. கெர்ரி இஸ்திரி அறைக்கு வந்து நீராவிக்கு நடுவில் அழுதாள். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது. கழகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் வருவார்கள்.

மறுநாள் காலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கழகத்தின் விதிப்புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார். ரயிலில் போகவும் வரவும் படித்திருக்கிறாள்.

"ரெஜ், ட்ரையல் எத்தன தடவ பாக்கலாம்?"

"வழக்கமா மூணு."

"புத்தகத்துல கணக்கே இல்ல. இதப் பாருங்க." விரலை வைத்து வாசித்தாள். "'ட்ரையல் என்பது அணிதல் ஆகாது. அணிபவரின் அன்றாட வாழ்வைப் பிரதிபலிக்கும் எவ்விடத்திலும், பயிற்சி பெறுபவர் மனநிறைவு அடையும்வரை நடத்தப்படலாம்.'"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உனக்கு மனசு நிறைஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்சங்கூட இல்ல" என்றாள்.

படிவத்தை நிரப்பினாள். ட்ரையல் எண் நான்கு. நாள் சனிக்கிழமை, நேரம் பதினொன்றரை. இடம் பதிவு அலுவலகம், அதன்பின் சர்ச் ஹால். பரிசோதிக்க வேண்டிய அசைவுகள் என்ற கட்டத்தில் "நிற்றல், மோதிரம் அணிவித்தல், கையெழுத்திடல், தழுவுதல், அமர்ந்து உண்ணல், நடனம்" என்று எழுதினாள். கூட வரும் ஊழியர்கள்: மதிப்பீட்டாளர், நீராவி ஒருங்கிணைப்பாளர். படிவத்தில் ஒரு பிழையும் இல்லை. அதனால் யாரும் படிக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் மூன்று முத்திரைகள் விழுந்து வந்தது.

சனிக்கிழமை பதிவு அலுவலகத்தில் லென் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வினிஃப்ரெட் மஞ்சள் உடையும் அதைவிட மஞ்சளான தொப்பியுமாக உள்ளே வந்தாள். நடந்து வந்தவள் பாதியில் நின்றாள். அவரைச் சுற்றி ஒரு முறை வந்தாள்.

"லென், உனக்குத் தோள் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே!"

ஓரத்தில் ஆல்டர்டன் அட்டையில் படிவத்தைச் செருகி நின்றிருந்தார். பதிவாளர் அம்மாள் ஆரம்பித்தாள். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினாள். கதவு திறந்தது. கையில் வெள்ளைக் கையுறையும் கோட்டை மூடும் பையுமாக, மூச்சிரைக்க இயக்குநர் நின்றார். கழகத்து நாட்காட்டியில் நான்காவது ட்ரையலை அன்று காலைதான் பார்த்திருக்கிறார்.

"எனக்கு இருக்கு" என்றார்.

வினிஃப்ரெட் மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு லென் இது? என்கிட்ட சொல்லாம விட்ட பழைய சிநேகிதமா?"

"கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லைங்க" என்றார் இயக்குநர் அவசரமாக. "கட்டிப்பிடிக்கறப்ப தோள்ல அழுத்தம் படக்கூடாது. துணியோட நார் நலிஞ்சிரும். அத மட்டும் பதிவு பண்ணிக்கணும்."

பதிவாளர் அம்மாள் இருபது வருடத்தில் பல ஆட்சேபங்களைக் கேட்டிருப்பாள். "சட்டப்படி அது தடை இல்ல. உக்காருங்க" என்றாள். வினிஃப்ரெட் மோதிரம் போட்டதும் லென்னின் இரண்டு தோளையும் பிடித்து, பார்ப்பவர்களுக்கே வலிக்கும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்து நானும் கெர்ரியும் போட்டோம். அந்த வாரம் நாங்கள் போட்டதிலேயே அர்த்தமுள்ள கையெழுத்து அது ஒன்றுதான்.

சர்ச் ஹாலில் ஆட்டுக்கறிக் குழம்பு, பயறு போட்ட சோறு, ரம் ஊற்றிய கேக். குழம்புக் கரண்டி ஒவ்வொரு முறை லென்னைத் தாண்டும்போதும் இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பாட்டுப் போட்டார்கள். லென் ஆட ஆரம்பித்ததும் இயக்குநர் தாங்கமாட்டாமல் கெர்ரியை ஓரமாக அழைத்துப்போனார். ஆல்டர்டனும் நானும் பின்னால் போனோம்.

"கெர்ரி, போதும். 'நிறைவு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, ட்ரையல் முடிஞ்சிரும். கோட்ட நான் இப்பவே பையில போட்டு எடுத்துட்டுப் போறேன். திங்கக்கிழமை சிறப்புக் கூட்டம் போட்டு உனக்குச் சான்றிதழ் குடுத்துடறேன். பதினோரு வருஷத்துல முதல் சான்றிதழ். உன் பேரு சுவர்ல பொறிப்போம்."

"நிறைவில்லன்னு எழுதினா?"

"கோட்டு சரியா தைக்கலன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. தேர்ச்சி கிடையாது. கோட்டு... ட்ரையல்லயே இருக்கும்."

கெர்ரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்தாள். லென் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தார். காலர் அசையவில்லை. முதுகில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே நல்ல கோட்டு அது. எனக்குத் தெரியும், ஆல்டர்டனுக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதைச் சரியில்லை என்று அவள் கையாலேயே எழுத வேண்டும்.

"நிறைவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தை ஆல்டர்டனிடம் நீட்டினாள். இயக்குநர், "ஆல்டர்டன், நீங்க சொல்லுங்க. அந்தக் கோட்டுல குறை இருக்கா?" என்றார். அதற்கு ஒரு கட்டம் உண்டு. மதிப்பீட்டாளர் குறையை எழுதினால்தான் ட்ரையல் தொடரும்.

ஆல்டர்டன் ஆடுகிறவர்களுக்கு நடுவில் நடந்து போனார். லென்னை நிறுத்தினார். காலருக்கு அடியில் கட்டைவிரலை விட்டு ஓட்டினார். வலது தோளை உள்ளங்கையால் அழுத்தி, அங்கே இறங்கியிருந்த அரை அங்குலத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. "கைய ஒருக்கா முன்னால நீட்டுங்க" என்றார். அதிகாரியின் குரல் அல்ல அது, கடைக்காரரின் குரல். பிறகு எங்களிடம் திரும்பி வந்து, ரொம்ப நேரம் யோசித்துக் கட்டத்தில் எழுதினார்: "குறை உண்டு. அணிபவர் கழற்ற மறுக்கிறார். தொடர்ந்து ட்ரையல் தேவை. இடம்: அணிபவரின் வீடு."

இயக்குநர் அதை மூன்று முறை படித்தார். படிவத்தில் பிழை இல்லை. வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வினிஃப்ரெட் அவர் கையில் ஒரு தட்டுக் குழம்பைத் திணித்து, "சாப்பிட்டுப் போங்க ராசா, ஒரு சொட்டும் உங்க கோட்டுல படாது" என்றாள். பட்டது. திங்கட்கிழமை அந்தக் கறையை நான்தான் எடுத்தேன்.

கெர்ரிக்குத் தபாலில் கடிதம் வந்தது. கோட்டு தைக்கும் தகுதி அவளுக்கு இன்னும் வரவில்லை, எனினும் கழகம் அவளை நினைத்துப் பெருமைப்படுகிறது என்று இருந்தது. அவள் டெப்ட்ஃபர்டுக்கே திரும்பிப்போய் ஜிப் மாற்ற ஆரம்பித்தாள். லென் அதை வினிஃப்ரெட்டிடம் சொல்லியிருக்கிறார். அவள், "கோட்ட மாட்டு, கெளம்பு" என்றாளாம். இருவரும் பஸ் ஏறி அந்தப் பெரிய தெருக் கடைக்குப் போனார்கள்.

கடையில் துணி வெட்டும் தலைமைத் தையல்காரர் லென்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார், பிறகு மழைக்கோட்டுக் காலத்து லென்னின் தோளை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"உங்களுக்கு வலது பக்கம் எறக்கம் இல்ல?"

"முப்பத்தோரு வருஷம் பஸ்."

"யாரு தைச்சது?"

"தைக்கத் தெரியாதுன்னு கழகத்துல எழுதிக் குடுத்திருக்காங்களே, அந்தப் பொண்ணு" என்றாள் வினிஃப்ரெட்.

கெர்ரி இப்போது அந்தக் கடையில் கோட்டு தைக்கிறாள். சான்றிதழைப் பற்றி யாரும் அப்புறம் கேட்கவில்லை. கழகத்தின் ஆண்டு விழாவில் இயக்குநர், "பொறுமையின் உச்சமாக, நம் ட்ரையல் ஒன்று இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. வேறெந்த நிறுவனத்தால் இது முடியும்?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். இந்த ஆண்டு பயிற்சிக்கு இருபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்தை இஸ்திரி அறையில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அந்த ட்ரையல் பக்கத்தை மட்டும் காட்டுவேன்.

ஆல்டர்டன்தான் ட்ரையலை மேற்பார்வையிட லென் வீட்டுக்குப் போய்வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது விதி. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் "நிறைவில்லை" என்று எழுதிவிட்டு, இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்கிறாராம். போன வாரம் வேலை முடிந்து கெர்ரியைப் பார்க்கப் போயிருந்தேன். கடை வாசலில் ஆல்டர்டன் ஒரு பொட்டலத்தோடு தயங்கி நின்றார். உள்ளே வந்து பிரித்தார். அவருடைய பேண்ட்.

கெர்ரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். "படிவம் ஏதாவது நிரப்பணுமா சார்?"

ஆல்டர்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. ரெண்டு இஞ்ச் விட்டுக் குடு, போதும்."